வடமும் முட்டுக்கட்டையும்

கூடித் தொழில் செய்வோர் அனைவர் முன்னும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் வந்து நிற்கும் வினா ஒன்று உண்டு. எடுத்த வேலை குறைவற முடிவது பெரிதா, உடன் உழைப்போர் மனங்கோணாமல் ஒன்றுபட்டு நிற்பது பெரிதா என்பதே அவ்வினா. இரண்டுமே வேண்டும் என்று விடை கூறுவது எளிது. காற்று சாதகமாக வீசும் நாட்களில் அந்த விடையே போதுமானதும் ஆகும். ஆனால், ஒன்றைக் காக்க முற்பட்டால் மற்றொன்று நழுவிப்போகும் என்ற நெருக்கடி நேரும்போதுதான் அறம் நம்மைச் சோதிக்கத் தொடங்குகிறது.

இவ்வினாவை அமைச்சர் அவைகளிலும் போர்க்களங்களிலும் வைத்து ஆராய்ந்தவர் பலர். நாம் இங்கு அதனை ஒரு மாணவர் பட்டறையில் வைத்துப் பார்க்க விழைகிறோம். அதற்குக் காரணமும் உண்டு. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து தில்லியிலும் மும்பையிலும் புணேயிலும் வேர் பிடித்த நம் குடும்பங்களின் பிள்ளைகள், இன்று பொறியியற் கல்லூரிகளில் ரோபோ என்னும் எந்திரங்களை வடிக்கும் குழுக்களில் சேர்ந்து இரவு பகல் பாராது உழைக்கின்றனர். வீடு திரும்பும்போது அவர்கள் முகத்தில் தெரியும் வாட்டம் எப்போதும் உழைப்பின் களைப்பு மட்டுமன்று. மேற்கூறிய வினாவின் பாரமும் அதில் கலந்திருக்கிறது. பெற்றோராகிய நாம் அதனை உணர்ந்துகொண்டாலன்றி அவர்களுக்கு உரிய துணையாக இருத்தல் இயலாது.

எந்திரங்களின் ஆடுகளம்

ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002ஆம் ஆண்டில் டோக்கியோ நகரில் ‘ரோபோகான்’ என்னும் மாணவர் போட்டியைத் தொடங்கிற்று. ஆண்டுதோறும் ஒரு நாடு அதனை ஏற்று நடத்தும். நடத்தும் நாடு தன் பண்பாட்டிலிருந்து ஓர் ஆட்டத்தையோ கதையையோ விழாவையோ எடுத்து, அதனை எந்திரங்கள் ஆடுமாறு விதிகளை வகுக்கும். நம் நாட்டின் சார்பில் செல்லும் குழுவைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பைப் பல்லாண்டுகள் தூர்தர்ஷன் ஏற்று நடத்தியது. 2008ஆம் ஆண்டில் புணே நகரில் நடந்த போட்டிக்குக் கண்ணனின் தயிர்ப்பானை விழாவே கருப்பொருள். 2022ஆம் ஆண்டில் புதுதில்லி ஏற்று நடத்தியபோது ‘லகோரி’ கருப்பொருளாயிற்று. அடுக்கி வைத்த கற்களைப் பந்தால் அடித்துச் சாய்த்துவிட்டு, எதிரணியின் பந்துக்குத் தப்பி மீண்டும் அடுக்கி முடிக்கும் அந்த ஆட்டத்தை நம்மில் பலர் தெருப் புழுதியில் ஆடியவர்களே.

இவ்விரண்டு கருப்பொருள்களுமே நம் வினாவுக்கு நெருக்கமானவை என்பதைக் கவனிக்க வேண்டும். தயிர்ப்பானையை உடைக்கும் சிறுவனின் கையை எல்லோரும் காண்கின்றனர். அவனைத் தாங்கும் அடித்தட்டு இளைஞர்களின் தோள்களை எவரும் நோக்குவதில்லை. கல்லடுக்கும் ஆட்டத்திலோ குறி தவறாது எறிபவன் மட்டும் இருந்தால் போதாது. சாய்ந்ததை நிதானத்துடன் திரும்ப அடுக்குபவன் வேண்டும். தனித்திறமும் கூட்டுப்பண்பும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதை நம் முன்னோர் விளையாட்டிலேயே கற்பித்துவிட்டனர்.

ஒரு ரோபோவை உருவாக்க மூவகைத் தொழில்கள் ஒன்று சேர வேண்டும். சட்டகத்தையும் சக்கரத்தையும் கையையும் வடிக்கும் இயந்திரத் தொழில் ஒன்று. மோட்டார், மின்கலம், உணர்கருவி ஆகியவற்றை இணைக்கும் மின்தொழில் மற்றொன்று. எப்போது நகர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று ஆணையிடும் கணினி நிரல் மூன்றாவது. ரோபோகான் விதிகளில் எடைக்கு வரம்பு உண்டு. பல ஆண்டுகளில் அது 50 கிலோவாக இருந்திருக்கிறது. சட்டகம் செய்பவன் தகடு தடிப்பாக இருக்க வேண்டும் என்பான். மின்தொழிலாளன் பெரிய மின்கலம் கேட்பான். இருவர் விருப்பமும் நியாயமானதே. ஆனால், ஒருவன் கூட்டும் ஒவ்வொரு கிராமும் மற்றவன் பங்கிலிருந்து பறிக்கப்படுவதாகும். கூட்டுக் குடும்பத்தில் ஒரே வருமானத்தைப் பல வயிறுகளுக்குப் பங்கிடும் தாயின் நிலையில் குழுத்தலைவன் நிற்கிறான். தொழில்நுட்பக் கணக்கு போலத் தோன்றுவது உண்மையில் நீதியின் கணக்கு.

மேலும் ஒன்று. எந்திரம் பெரும்பாலும் பழுதுபடுவது பகுதிகளின் நடுவில் அன்று. பகுதிகள் சந்திக்கும் பொருத்தில். மோட்டாரும் நன்று, சட்டகமும் நன்று. ஆனால் இரண்டையும் பிணைக்கும் ஆணியின் அளவை ஒருவரிடம் ஒருவர் கேட்கவில்லை. நிரலும் பிழையற்றது, உணர்கருவியும் பிழையற்றது. ஆனால் அக்கருவி சக்கரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் பொருத்தப்பட்டது என்பதை நிரல் எழுதியவனுக்கு எவரும் கூறவில்லை. பொருத்துகள் சந்திக்கும் இடமே மனிதர்கள் சந்திக்கும் இடமுமாகும். முகம் திருப்பிக்கொண்ட இரு நண்பர்களின் மௌனம், களத்தில் கழன்று தொங்கும் கம்பியாக வெளிப்படுகிறது. எனவே, நட்பைத் தொழிலுக்கு வெளியே இருக்கும் அலங்காரமாகக் கருதுவோர் தொழிலையே அறியாதவர் என்று கூறத் துணிகிறோம்.

இரு கட்சிகள்

இக்குழுக்களில் இரு கட்சியினர் எப்போதும் உண்டு. ஒரு சாரார், “எந்திரம் ஓடினால் மற்றவை தாமே சரியாகும், வல்லவன் கையில் வேலையைக் கொடுத்துவிட்டு ஏனையோர் ஒதுங்கி நிற்க வேண்டும், மனத்தாங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தால் போட்டி நாள் வந்துவிடும்” என்பர். மறு சாரார், “வெற்றி இன்று வரும், நாளை போகும், நான்காண்டு நட்பே நிலைப்பது, எவரையும் புறக்கணித்துப் பெறும் பரிசு நமக்கு வேண்டா” என்பர். இரு சாராரின் கூற்றிலும் உண்மையுண்டு. இரு சாராரும் தத்தம் உண்மையை முழு உண்மையாகக் கொள்வதிலேயே தவறு நேர்கிறது.

முதற்கட்சி வென்றால் நேர்வது யாது? முப்பது பேர் கொண்ட குழுவில் நால்வர் உழைப்பர்; இருபத்தறுவர் தேநீர் வாங்கி வருவர். அந்நால்வர் இறுதியாண்டு முடித்து வெளியேறும் நாளில் கலையும் அவர்களுடனேயே வெளியேறிவிடும். மறுகட்சி வென்றாலோ, பாட்டும் சிரிப்பும் பிறந்தநாள் விழாவும் குறைவின்றி நடக்கும். எந்திரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லூரி கொடுத்த பணத்திற்கும், ஆசிரியர் கொடுத்த நேரத்திற்கும், பெற்றோர் கொண்ட நம்பிக்கைக்கும் யார் பதில் கூறுவது? ஓடாத எந்திரத்தின் முன் கைகோத்து நிற்கும் ஒற்றுமை உல்லாசப் பயணத்திற்குப் போதும், தொழிலுக்குப் போதாது.

இவ்விரண்டையும் தராசின் இரு தட்டுகளாகக் கொண்டு, இதில் கொஞ்சம் குறைத்து அதில் கொஞ்சம் கூட்டிச் சமன் செய்ய வேண்டும் என்று அறிவுரை கூறுவது பொது வழக்கு. அந்த உவமை நமக்கு நிறைவளிக்கவில்லை. தராசில் ஒன்று தாழ்ந்தால் மற்றொன்று உயரும். ஆனால் நல்ல குழுவில் இரண்டும் சேர்ந்தே உயர்கின்றன. கெட்ட குழுவில் இரண்டும் சேர்ந்தே தாழ்கின்றன. ஆகவே வேறோர் உவமையை நாடுவோம். அது நம் ஊர்த் தேர்.

தேர் கற்பிக்கும் பாடம்

தேரோட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் வடம் பிடிக்கின்றனர். ஊர் முழுதும் ஒரே மூச்சாக இழுத்தாலன்றித் தேர் அசையாது. ஆனால், வடம் பிடிப்போரால் தேரை முன்னே இழுக்கத்தான் முடியும். அதனை நிறுத்தவோ வீதி முனையில் திருப்பவோ அவர்களால் இயலாது. அப்பணியைச் செய்பவர் சக்கரத்தின் அருகில் குனிந்து நிற்கும் ஒரு சிலரே. உருளும் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டையை உரிய நொடியில் உரிய சாய்வில் இடுகின்றனர். தேர் திரும்புகிறது அல்லது நிற்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை வாயிலாக இரும்புச் சக்கரங்களும் நீரழுத்தத் தடைக் கருவியும் பொருத்தப்பட்ட பின்னரும், முட்டுக்கட்டை இடுவோர்க்கு வேலை ஒழிந்துவிடவில்லை.

இனி நம் பேச்சு வழக்கைப் பாருங்கள். ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்றால் காரியத்தைக் கெடுக்கிறான் என்று பொருள். தேரை வீட்டுத் திண்ணைமேல் ஏறிவிடாமல் காப்பவனின் தொழிற்பெயர், வசைச்சொல்லாக மாறிவிட்டது! இழுப்பவனை நாம் புகழ்கிறோம். ‘பொறுங்கள்’ என்பவனை வெறுக்கிறோம். ஒரு குழுவின் ஒற்றுமை உணர்வு எங்கே நோயாக மாறுகிறது என்பதை இந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது.

முதலில் வடத்தைப் பற்றிச் சிறிது. பிரெஞ்சு நாட்டு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் என்பவர், ஆட்கள் சேர்ந்து இழுக்கும்போது அவர்கள் வலிமை எவ்வாறு கூடுகிறது என்பதை ஆராய்ந்து 1913ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆட்கள் பெருகப் பெருக மொத்த இழுப்பு கூடிற்று. ஆனால் ஒவ்வொருவர் பங்கும் குறைந்துகொண்டே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது தலைக்கு விழுந்த இழுப்பு, ஒருவர் தனித்து இழுப்பதில் ஏறக்குறையப் பாதியளவே. இதற்கு இரு காரணங்கள் உண்டு. ஒன்று, எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. மற்றொன்று, பலர் இழுக்கிறார்களே என்ற எண்ணத்தில் கை தளர்ந்துவிடுகிறது. முதற்குறைக்குத் தாளமும் குரலும் மருந்து. இரண்டாவது குறைக்கு மருந்து வேறு. ஒவ்வொருவர் பங்கும் ஒவ்வொருவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். ‘நாம் அனைவரும் ஒன்று’ என்ற முழக்கத்தால் தாளம் பிறக்கலாம். தளர்ந்த கை இறுகாது. இந்தச் சக்கரம் இன்னார் பொறுப்பு, இந்தக் கம்பி இன்னார் பொறுப்பு என்று பெயர் எழுதி ஒட்டிய குழுவிலேதான் கை இறுகும்.

இனி முட்டுக்கட்டை. 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்டு 73 நொடிகளில் சிதறிற்று, எழுவர் மாண்டனர். உந்துகலத்தின் பொருத்தில் இருந்த ரப்பர் வளையம் கடுங்குளிரில் இறுகி, தன் தொழிலைச் செய்யத் தவறியது என்பது பின்னர் விசாரணையில் வெளிப்பட்டது. நாம் ஆழ்ந்து எண்ண வேண்டியது அதற்கு முந்திய இரவைப் பற்றியாகும். உந்துகலத்தைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் அன்றிரவே, இக்குளிரில் ஏவுதல் தகாது என்று தொலைபேசி ஆலோசனையில் எடுத்துக் கூறினர். நிறுவனமும் முதலில் அவர்கள் பக்கமே நின்றது. பின்னர் மேலிடத்தின் அதிருப்தியைக் கண்டு நிர்வாகிகள் தமக்குள் கூடிப் பேசினர். பொறியாளனாக எண்ணுவதை விட்டு நிர்வாகியாக எண்ணுமாறு அவர்களில் ஒருவர் கேட்டுக்கொள்ளப்பட்டார். முடிவு மாறிற்று. ஒருமனதாக மாறிய முடிவு! முட்டுக்கட்டையை எடுத்தெறிந்துவிட்டு எல்லோரும் ஒற்றுமையாக வடத்தை இழுத்தனர்.

ஒற்றுமை என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் இருப்பதை இங்கே காண்கிறோம். ஒரே குறிக்கோளைக் கொண்டிருத்தல் ஒரு பொருள். ஒரே கருத்தைக் கூறுதல் மற்றொரு பொருள். முன்னது இல்லாமல் குழு இல்லை. பின்னதைக் கட்டாயமாக்கினால் குழு குருடாகிறது. நண்பன் செய்த கை சரியாகப் பிடிக்கவில்லை என்பதைக் கண்டும், அவன் மனம் நோகுமே என்று வாய் மூடியிருக்கும் மாணவன், தான் நட்பைக் காத்துவிட்டதாக எண்ணுகிறான். உண்மையில் அவன் நண்பனைக் களத்தில் பலர் முன் தலைகுனிய விடுகிறான். பட்டறையில் சொல்லாத உண்மையை ஆடுகளம் சொல்லும். சற்றும் தயவின்றிச் சொல்லும்.

பரிசு யாருக்கு?

அமெரிக்காவில் டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர் 1989ஆம் ஆண்டில் ‘ஃபர்ஸ்ட்’ என்னும் அமைப்பை நிறுவினார். உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கான அதன் ரோபோ போட்டி 1992இல் தொடங்கியது. எம்.ஐ.டி. பேராசிரியர் உட்டி ஃப்ளவர்ஸ் அதற்கு ஓர் அறநெறியை வகுத்துத் தந்தார். போட்டியில் முழு வலிமையுடன் மோதுக; அதே வேளையில் எதிரணியையும் மதிப்புடன் நடத்தி, வேண்டும்போது உதவுக என்பது அதன் சாரம். கனிவும் தொழிற்செம்மையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே அவர் துணிபு. 2019ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னரும் அந்நெறி வாழ்கிறது.

அங்கே ஒவ்வோர் ஆட்டத்திலும் குழுக்கள் கூட்டணியாகச் சேர்ந்தே களமிறங்குகின்றன. தொடக்கச் சுற்றுகளில் இன்றைய எதிரி நாளைய கூட்டாளி ஆகலாம். அதனினும் வியப்பு, அப்போட்டியின் தலையாய விருது ஆட்டத்தில் வென்ற எந்திரத்திற்குரியதன்று. தன் பள்ளியிலும் ஊரிலும் பிறரிடத்தும் அறிவியல் ஆர்வத்தைப் பரப்பி முன்மாதிரியாக விளங்கும் குழுவுக்கே அது உரியது. ஒரு சமூகம் எதனைப் பெரிதாக மதிக்கிறது என்பதை அதன் பேச்சைக் கேட்டு அறிவதைவிட, அது பரிசை எங்கே வைக்கிறது என்பதைக் கொண்டு அறியலாம். எனினும், அங்கும் எந்திரம் செய்யாமல் அவ்விருதைப் பெற இயலாது. கடுங்குளிரிலும் கைகாய்த்துச் செய்த எந்திரம் இருந்தாலன்றி, பிறரிடம் சென்று எடுத்துக்கூற ஒன்றும் இராது.

கடினமான வினா

இதுவரை கூறியவற்றில் பலருக்கும் உடன்பாடு இருக்கலாம். இனி உடன்பாடு எளிதில் கிட்டாத இடத்திற்கு வருவோம்.

இப்படி ஒரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி பந்தைப் பற்றும் எந்திரக் கையைச் செய்திருக்கிறாள். நான்கு மாத உழைப்பு. பத்து முறை சோதித்தால் மும்முறை பந்தை நழுவ விடுகிறது. போட்டிக்கு மூன்று வாரமே உள்ளது. இறுதியாண்டு மாணவன் ஒருவன், தான் இரண்டே இரவில் வேறொன்று செய்து தர முடியும் என்கிறான். அவனால் முடியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தலைவன் யாது செய்ய வேண்டும்?

‘அவள் கையிலேயே விடுக’ என்றால், ஏனைய இருபது பேரின் ஓராண்டு உழைப்பு நழுவும் பந்தோடு நழுவிப்போகலாம். ‘அவனிடம் கொடுக்க’ என்றால், அவள் இனி எதையும் செய்ய முன்வரமாட்டாள். அவளைக் கண்ட மற்ற இளையோரும் முன்வரமாட்டார்கள். எந்திரம் மாணவர்க்காகவா, மாணவர் எந்திரத்திற்காகவா என்னும் வினா இங்கே கூர்முனையுடன் நிற்கிறது.

நம் கருத்து இது. ஆண்டு கற்பவருக்கு உரியது. போட்டி நாள் வேலைக்கு உரியது. கல்லூரியில் எந்திரம் செய்வது கைகள் பழகுவதற்காகவே. ஆதலால் ஆண்டு முழுவதும், விரைந்து முடிக்க வல்லவன் தன் விரைவை அடக்கிக்கொண்டு மெல்லக் கற்பவர்க்கு இடம் தரக் கடமைப்பட்டவன். ஆனால் போட்டி நெருங்கும்போது, ஒவ்வொருவர் கையிலும் இருப்பது அவரவர் உடைமையன்று. மற்ற அனைவரும் அடைக்கலமாக வைத்த உழைப்பு. அப்போது ‘என்னுடையது’ என்று பற்றிக்கொள்ள எவர்க்கும் உரிமை இல்லை. முதற்கடமையைச் செய்யாத குழு இரண்டாவதைக் கேட்க அருகதையற்றது என்பதையும் சேர்த்தே கூறுகிறோம். நான்கு மாதம் அந்தப் பெண்ணின் பக்கம் எட்டிப் பாராத மூத்தோர், கடைசி மூன்று வாரத்தில் வந்து கையைப் பிடுங்குவது திறமையின் ஆட்சியன்று, வலியோரின் ஆட்சி.

அந்நிலையிலும் எவ்வாறு மாற்றுவது என்பதற்கு ஒழுங்கு உண்டு. இரவோடிரவாக அவள் அறியாமல் மாற்றி வைப்பது எவ்வகையாலும் தகாது. வெற்றி வந்தாலும் அத்தீங்கு தீராது. இரண்டு கைகளையும் எல்லோர் முன்னிலையிலும் பத்துப் பத்து முறை சோதிக்கட்டும். எது நழுவவில்லையோ அது களத்திற்குச் செல்லட்டும். மூத்தவனும் தன் கையை அவள் இல்லாமல் செய்யலாகாது. அவளைத் துணையாகக் கொண்டே செய்ய வேண்டும். இரண்டு இரவு வேலை நான்கு இரவாக நீளலாம். அந்த இரண்டு கூடுதல் இரவுகளே குழு என்னும் பெயருக்குச் செலுத்தும் விலை. எண்ணிக்கை தீர்ப்பளிக்கும்போது தோற்றவருக்கு அவமானம் இல்லை; பதவியோ உரத்த குரலோ தீர்ப்பளிக்கும்போதே அவமானம். ஆகவே அளவுகோல் நட்புக்குப் பகை என்று எண்ணற்க. மனிதருக்கு மனிதர் கூற நாக்கூசும் உண்மையை அளவுகோல் பகையின்றிக் கூறிவிடுகிறது.

அவ்வளவும் செய்தும் நேரம் போதாமல் தோற்க நேர்ந்தால்? தோற்கட்டும் என்றே கூறுவோம். அடுத்த ஆண்டு அந்தப் பட்டறையில் கை செய்யத் தெரிந்தவர் இருவர் இருப்பர்.

திருக்குறளின் அதிகார அடைவில் ஒரு நுட்பம் நம் கவனத்தை ஈர்க்கிறது. இன்று வழங்கும் வரிசையில் ‘தெரிந்து வினையாடல்’ 52ஆம் அதிகாரம். ‘சுற்றந்தழால்’ 53ஆம் அதிகாரம். ‘பொச்சாவாமை’ 54ஆம் அதிகாரம். தக்கவனை அறிந்து வேலையை ஒப்படைப்பது பற்றி முதலில். உற்றாரை அணைத்துக்கொள்வது பற்றி அடுத்து. மகிழ்ச்சியில் கடமையை மறந்துவிடாதிருப்பது பற்றி அதற்கும் அடுத்து. திறமைக்கும் விழிப்புக்கும் நடுவில் சுற்றம் அமர்ந்திருக்கிறது. அரசனுக்குச் சொல்லப்பட்ட இவ்வரிசை, ஓர் எந்திரப் பட்டறையின் குழுத்தலைவனுக்கும் பொருந்துவதில் வியப்பில்லை.

கோப்பின் மரபு

உண்மையும் உறவும் ஒருசேர வாழ்வதற்கு ஒரு முறை வேண்டும்; நல்லெண்ணம் மட்டும் போதாது. மைய அரசு அலுவலகங்களில் பணிபுரியும் நம்மனோர் அத்தகைய முறை ஒன்றை நாள்தோறும் கையாண்டு வருகிறோம். ஆனால் அதன் அருமையை எண்ணிப் பார்ப்பதில்லை. கோப்பில் குறிப்புப் பகுதி ஒன்று உண்டு. அதில் முதலில் எழுதுபவர் கீழ்நிலை உதவியாளர். விதி இது, முன்நிகழ்வு இது, ஆகவே இவ்வாறு செய்தல் தகும் என்று பத்தி எண்ணிட்டு எழுதிக் கையொப்பமிடுகிறார். பிரிவு அலுவலர் அதனை மறுக்கலாம். செயலாளர் இருவரையும் மறுக்கலாம். ஆனால், கீழே எழுதியதை அழிக்க எவர்க்கும் உரிமை இல்லை. மறுப்பவரும் காரணத்தை எழுதியே மறுக்க வேண்டும். முடிவான பின், மாறாகக் குறிப்பெழுதியவரே அம்முடிவை நிறைவேற்றும் கடிதத்தைத் தயாரிக்கிறார். மாலையில் எல்லோரும் ஒன்றாகத் தேநீர் அருந்துகின்றனர். காகிதக் கோப்பு கணினிக் கோப்பாக மாறிய பின்னரும் மரபு மாறவில்லை.

இம்மரபின் குறைகளை நாட்டார் நன்கு அறிவர், நாமும் அறிவோம். எனினும் அதன் உட்பொருள் உயர்ந்தது. மாற்றுக்கருத்துக்கு இடம் உண்டு. அதற்கு ஒரு முடிவும் உண்டு. முடிவுக்குப் பின் பகை இல்லை. மாணவர் குழு ஒவ்வொன்றும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, இன்ன நாளில் இன்னார் இன்ன ஐயத்தை எழுப்பினார், சோதித்ததில் இன்னது தெரிந்தது, ஆகவே இன்ன முடிவு என்று எழுதி வைக்குமானால், முட்டுக்கட்டை இடுவோர்க்கு வீதியில் ஓர் இடம் கிடைத்துவிடும். இளையவன் எழுப்பிய ஐயம் ஏட்டில் ஏறிவிட்டால், அதனைச் சிரித்துத் தள்ளுவது மூத்தவனுக்கு எளிதன்று.

நமக்குரிய கடமை

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு என்று கருதுகிறோம். கூட்டத்தின் ஓரத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்பதை நாம் அறிவோம். எல்லோரும் இந்தியில் நகைச்சுவை பேசிச் சிரிக்கையில் பொருள் விளங்காமல் தாமும் சிரித்து வைத்த நாட்கள் நம்மில் பலருக்கு உண்டு. அவ்வாறு சிரித்து வைப்பவன் பட்டறையில் ஓர் ஆபத்தைக் கண்டால் வாய் திறப்பானா? நகைச்சுவையில் சேர்க்கப்படாதவன் எச்சரிக்கையிலும் சேரமாட்டான். தமிழகக் கல்லூரிகளில் வடபுலத்து மாணவனுக்கும் இதே நிலை நேர்கிறது. அங்கே பயிலும் நம் பிள்ளைகள், தாம் இங்கே பட்டதை நினைவிற்கொண்டு, அவனுக்காகத் தம் தமிழைச் சற்று நிறுத்திப் பொதுமொழியில் பேசுவார்களாயின் அது தமிழுக்கு இழுக்கன்று. தமிழ்ப் பண்புக்கு அணி.

பெற்றோர் என்ற வகையில் நாம் கேட்கும் கேள்விகளையும் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். “உனக்கு நிரல் எழுதத் தெரியுமே, பட்டறையைக் கூட்டிப் பெருக்க உனக்கு என்ன தலையெழுத்து?” என்று கேட்கிறோம். “பரிசு கிடைத்ததா? சான்றிதழில் உன் பெயர் முதலில் இருக்கிறதா?” என்று கேட்கிறோம். ஊர் விட்டு வந்து, தனித்து நின்று, தன் திறமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு முன்னேறியவர்கள் நாம். ஆகவே அக்கேள்விகள் இயல்பானவையே. ஆயினும் நாம் தனித்து முன்னேறியதாக எண்ணுவதும் முழு உண்மையன்று. புகைவண்டி நிலையத்தில் வந்து அழைத்துச் சென்றவரும், முதல் மாதம் அறையில் பாயை விரித்துக் கொடுத்தவரும், விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவரும் யாரோ ஒரு தமிழர்தாமே. அத்தகையோர் கூடி அமைத்ததே சங்கம். இங்கும் வடம் பிடிப்போர் உண்டு. பொங்கல் விழாவின் வரவு செலவில் ஒரு ரூபாய் இடித்தாலும் ‘பொறுங்கள்’ என்று கூறும் கணக்காளரும் உண்டு. அவரைச் சிடுமூஞ்சி என்று நாம் கேலி செய்தாலும், சங்கம் ஆண்டாண்டாய் நிலைத்து நிற்பது அவராலுந்தான்.

இனி நம் பிள்ளை பட்டறையிலிருந்து நள்ளிரவில் வீடு திரும்பும்போது இரண்டு கேள்விகள் கேட்போம். இன்று உனக்குத் தெரிந்ததில் எதனை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்தாய் என்பது ஒன்று. இன்று எவரேனும் ‘பொறுங்கள்’ என்று கூறியபோது நீங்கள் நின்று கேட்டீர்களா என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் தயங்காமல் விடை கூறும் பிள்ளையின் எந்திரம் களத்தில் வெல்லவும் கூடும், தோற்கவும் கூடும். ஆனால் அவன் நாளை ஓர் அலுவலகத்திலோ ஆலையிலோ மருத்துவமனையிலோ பத்துப் பேருடன் சேர்ந்து உழைக்கும்போது, அந்தப் பத்துப் பேரின் உழைப்பையும் நம்பி ஒப்படைக்கத் தக்கவனாக இருப்பான். பிள்ளைகளை நாம் படிக்க வைப்பதும் அதற்காகத்தானே!